புனித பிலோமினா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாச்சியின் பெயர் பிலோமினாள். திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் வயதானவர்களை எண்ணிப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு பிலோமினாள், தெருவுக்கு ஒரு பிலோமின்ராஜ் தேறுவார்கள். ஆனால் அந்தப் புனிதையைப் பற்றிக் கேட்டால் பேச்சு பாதியிலேயே நின்றுவிடும். "நங்கூரத்தைக் கட்டி ஆத்துல தள்ளினாங்க", "அம்பு விட்டாங்க" என்பார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இப்ப அவங்கள லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்களாமே?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

அன்பியம் எனப்படும் எங்கள் பங்குக் குடும்பக் குழுக்களின் கூட்டங்களிலும் கல்யாண வீடுகளிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். நான் இவரிடம் மன்றாடி வளர்ந்தவள். அதனாலேயே வரலாறு எது, பின்னால் சேர்ந்த கதை எது என்று பிரித்துச் சொல்ல நினைக்கிறேன். இரண்டும் ஒன்றாகக் கலந்துபோனதால்தான் இந்தச் சிறுமிக்கு இத்தனை சிக்கல் வந்தது.

பிலோமினா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறை ஒன்றில் அடக்கம் செய்யப்பட்டு, 1802-ல் கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறுமி. வயது 13-லிருந்து 15-க்குள். கல்லறை வாயை மூடியிருந்த ஓடுகளில் ஒரு பெயர் இருந்தது. வரலாறு நம் கையில் தருவது அவ்வளவுதான். அவரைப் பற்றி ஆதித் திருச்சபையின் எழுத்துகளில் ஒரு வரிகூடக் கிடையாது. பெற்றோர், பிறந்த ஊர், வாழ்ந்த விதம் என்று நாம் கேட்டு வளர்ந்த எல்லாமே 1802-க்குப் பிறகு வந்தவை.

1802-ல் சரியாக என்ன கிடைத்தது?

உரோமையிலிருந்து வடக்கே போகும் சலாரியா சாலையில் பிரிஸ்கில்லா சுரங்கக் கல்லறை இருக்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான, வெட்டுவதற்கு மென்மையான பாறை அது. ஆதிக் கிறிஸ்தவர்கள் அதைக் குடைந்து நீளநீளமான நடைபாதைகள் அமைத்தார்கள். இரு பக்கச் சுவர்களிலும், ரயில் பெட்டியில் படுக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்குமே அதுபோல, ஆள் நீளத்துக்குப் பொந்துகள் வெட்டினார்கள். உடலைத் துணியில் சுற்றி உள்ளே கிடத்தியதும் பொந்தின் வாயைப் பளிங்குப் பலகையாலோ சுட்ட மண் ஓட்டாலோ அடைத்து, ஓரங்களில் சுண்ணாம்புக் காரை பூசிவிடுவார்கள்.

அப்படி அடைத்தபடியே இருந்த ஒரு பொந்து 1802 மே 24 அன்று வேலைக்காரர்கள் கண்ணில் பட்டது. மறுநாள் திறந்தார்கள். வாயை மூடியிருந்தவை மூன்று மண் ஓடுகள். அவற்றின்மேல் சிவப்புச் சாயத்தில் இலத்தீன் எழுத்துகள். எழுத்துகளுக்கு இடையிடையே நங்கூரம், அம்புகள், குருத்தோலை, ஓர் இலை. உள்ளே ஒரு சிறுமியின் எலும்புகள். கூடவே உடைந்த ஒரு சிறு கண்ணாடிக் குப்பி, அதில் காய்ந்துபோன கறை.

அந்தக் குப்பிதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம். கறை என்றால் இரத்தம், கல்லறையில் இரத்தக் குப்பி இருந்தால் உள்ளே இருப்பவர் மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர் என்பது அன்றைக்கு உரோமையில் நடைமுறையில் இருந்த விதி. குருத்தோலை வேறு வரைந்திருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இப்படிப்பட்ட குப்பிகள் நறுமணத் தைலம் வைப்பதற்கானவை என்று பிற்கால அறிஞர்கள் சொன்னார்கள். அப்படிச் சொன்னபோது இந்தச் சிறுமி ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றுவிட்டிருந்தாள்.

ஓடுகளில் எழுதியிருந்தது என்ன? ஏன் அதைப் பற்றி இத்தனை விவாதம்?

இடமிருந்து வலமாக, இருந்தபடியே படித்தால் முதல் ஓட்டில் "லுமெனா", இரண்டாவதில் "பாக்ஸ் தே", மூன்றாவதில் "கும் ஃபி". அப்படிப் படித்தால் பொருள் இல்லை. முதல் ஓட்டைத் தூக்கிக் கடைசியில் வைத்துப் பாருங்கள்: "பாக்ஸ் தேக்கும் ஃபிலுமெனா". அதாவது, "பிலோமினா, சமாதானம் உன்னோடு".

பூசையில் குருவானவர் நமக்குச் சொல்லும் அதே வாழ்த்து. யாரோ ஒருவர், தாயோ தகப்பனோ, அந்தச் சிறுமியைப் பாறைக்குள் கிடத்திவிட்டு, தூரிகையைச் சிவப்பில் தொட்டு இதை எழுதினார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மற்ற எந்த அதிசயமும் பெரிதாகத் தோன்றுவதில்லை.

சரி, ஓடுகள் ஏன் வரிசை மாறியிருந்தன? அடக்கம் செய்தவர்கள் அவசரத்தில் மாற்றிப் பதித்துவிட்டார்கள், அல்லது அவர்களுக்கு எழுத்துத் தெரியாது என்பது ஒரு விளக்கம். தொல்லியல் அறிஞர் ஒராத்சியோ மாருக்கி 1904-ல் வேறொன்று சொன்னார். பழைய கல்லறையிலிருந்து ஓடுகளை எடுத்து இன்னொருவருக்குப் பயன்படுத்தும்போது, "இந்த எழுத்து இப்போது உள்ளே இருப்பவருடையது அல்ல" என்று காட்டவே வரிசையை மாற்றுவார்கள் என்றார். எழுத்து இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, உடல் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அவர் கணக்கு. அது சரியென்றால் ஓட்டில் இருக்கும் பிலோமினா வேறு, எலும்பாகக் கிடைத்த சிறுமி வேறு.

2005-ல் பிளாரன்ஸ் நகரத்துப் புனரமைப்பு நிறுவனம் ஒன்று அந்த ஓடுகளை ஆராய்ந்தது. அவற்றில் ஒரே வகைச் சுண்ணாம்புதான் ஒட்டியிருந்தது என்ற முடிவு வெளியானது. இரண்டு முறை பதித்திருந்தால் இரண்டு வகைக் காரை இருந்திருக்க வேண்டுமே என்று பிலோமினா பக்தர்கள் இதை எடுத்துச் சொல்கிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் இதை வைத்து வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஒரே காரை என்பது ஓடுகளின் கதையைச் சொல்லும். உள்ளே இருந்த சிறுமி எப்படி இறந்தாள் என்பதைச் சொல்லாது.

உரோமையில் கிடைத்த எலும்புகள் முஞ்ஞானோவுக்கு எப்படிப் போயின?

சுரங்கக் கல்லறைகளில் எடுத்த உடல்களை ஊர் ஊராகக் கோயில்களுக்குக் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கல்லறைகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்த பிறகு, ஐரோப்பா முழுவதும் அப்படித் திருப்பண்டங்கள், அதாவது வணக்கத்துக்குரிய எலும்புகள், போயின. பல உடல்களுக்குப் பெயரே இருக்காது. பெயரோடு ஒன்று கிடைப்பது அரிது.

நேப்பிள்ஸுக்குக் கிழக்கே இருக்கும் முஞ்ஞானோ தெல் கார்தினாலே என்ற சிற்றூரைச் சேர்ந்த பிரான்செஸ்கோ தெ லூச்சியா என்ற குரு, 1805-ல் உரோமைக்குப் போனார். பொத்தென்சா மறைமாவட்டத்துக்கு ஆயராகப் பொறுப்பேற்கவிருந்த பார்த்தொலோமேயோ தி சேசரேயும் உடன் இருந்தார். தன் ஊர்க் கோயிலுக்குப் பெயர் தெரிந்த ஒரு மறைசாட்சி வேண்டும் என்பது தெ லூச்சியாவின் ஆசை. மூன்று ஆண்டுகளாக உரோமையில் வைக்கப்பட்டிருந்த பிலோமினாவின் எலும்புகள் ஜூன் மாதம் அவருக்குக் கிடைத்தன. நேப்பிள்ஸ் வழியாக 1805 ஆகஸ்ட் 10 அன்று முஞ்ஞானோவின் அருள் மாதா கோயிலுக்கு வந்து சேர்ந்தன. காகிதக் கூழில் ஒரு பெண்ணின் உருவம் செய்து, பட்டு உடுத்தி, எலும்புகளை அதற்குள் வைத்தார்கள். அந்த மூன்று ஓடுகளும் 1827-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் லியோ கொடுத்ததால் இப்போது அங்கேதான் இருக்கின்றன.

கிரேக்க இளவரசி, பேரரசன் தியோக்கிளேசியன் என்றெல்லாம் சொல்கிறார்களே, அந்தக் கதை என்ன?

நான் ஏழு வயதில் அம்மாச்சி மடியில் கேட்டபடியே சொல்கிறேன்.

கிரேக்க நாட்டில் ஒரு சிற்றரசன். பிள்ளை இல்லை. வைத்தியர் ஒருவர் சொல்லி அரசனும் அரசியும் கிறிஸ்தவர்களாகிறார்கள். அடுத்த ஆண்டே பெண் குழந்தை பிறக்கிறது. பிள்ளை பதினோரு வயதில் தன் கன்னிமையை இயேசுவுக்கு நேர்ந்துகொடுக்கிறாள். அவளுக்குப் பதின்மூன்று வயதாகும்போது, தியோக்கிளேசியன் படையெடுத்து வருவான் என்ற பயத்தில் பெற்றோர் சமாதானம் பேச உரோமைக்குப் போகிறார்கள். பிள்ளையும் கூடப் போகிறாள். அவளைப் பார்த்த பேரரசன், "இவளை எனக்குக் கட்டிக்கொடு, போர் வேண்டாம்" என்கிறான். பெற்றோர் சம்மதிக்கிறார்கள். பிள்ளை சம்மதிக்கவில்லை.

இந்த இடத்தில் அம்மாச்சி கதையை நிறுத்துவார். "அம்மா அப்பா காலைப் பிடிச்சு அழுதாங்க. அப்பவும் அவ முடியாதுன்னா." சித்திரவதைகளை விட அவருக்கு இதுதான் பெரிய கட்டம். பதினாறு வயதில், தன்னைக் கேட்காமலே கல்யாணம் முடித்துவைக்கப்பட்டவர் அவர்.

பிறகு சிறை, சாட்டையடி. தேவதூதர்கள் வந்து காயத்தை ஆற்றுகிறார்கள். கழுத்தில் நங்கூரம் கட்டித் தைபர் ஆற்றில் தள்ளுகிறார்கள். தூதர்கள் கயிற்றை அறுத்து, உடை நனையாமல் கரை சேர்க்கிறார்கள். அம்பெய்கிறார்கள், ஆறிவிடுகிறது. மறுபடி எய்கிறார்கள், அம்புகள் விலகிப் போகின்றன. நெருப்பில் காய்ச்சிய அம்புகளை எய்தபோது அவை திரும்பி, எய்தவர்களில் ஆறு பேரைக் கொல்கின்றன. கடைசியில் தலையை வெட்டுகிறார்கள். ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

நேப்பிள்ஸ் நகரில் சாமிநாதர் மூன்றாம் சபையைச் சேர்ந்த மரிய லூயிசா தி ஜேசு என்ற சகோதரி, பிலோமினா தன்னிடம் பேசிச் சொன்னதாக அறிவித்தவை இவை. 1833 டிசம்பர் 21 அன்று உரோமையின் விசுவாசக் காவல் பேராயம் இதைப் பரிசோதித்து, விசுவாசத்துக்கு விரோதமாக எதுவும் இல்லை என்று வெளியிட அனுமதித்தது. அந்த அனுமதிக்கு அவ்வளவுதான் பொருள். "இது நடந்தது" என்று திருச்சபை கையெழுத்துப் போடவில்லை. தனி மனிதர் ஒருவருக்குக் கிடைத்ததாகச் சொல்லும் இப்படிப்பட்ட தனி வெளிப்பாடு எதையும் நம்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் ஒரு கத்தோலிக்கருக்கும் கிடையாது.

அப்படியானால் கதை பொய்யா?

"பொய்" என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். அந்தச் சகோதரி யாரையும் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனால் வரலாறாக இது நிற்காது. தியோக்கிளேசியன் காலத்தில் கிரேக்கம் உரோமைப் பேரரசின் ஒரு பகுதி. படையெடுப்புக்குப் பயந்து உரோமைக்கு ஓடிவர அங்கே தனி அரசன் கிடையாது. தியோக்கிளேசியன் உரோமையில் வசித்தவனும் அல்ல. நிக்கொமேதியாவில் இருந்தான், உரோமைக்கு 303-ல் வந்து போனான். அவன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியதும் அதே 303-ல்தான். ஓட்டு எழுத்து இரண்டாம் நூற்றாண்டு என்ற மாருக்கியின் கணக்கு சரியென்றால், அவன் பிறப்பதற்கு முன்பே அது எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். கதையில் வரும் நங்கூரமும் அம்பும் அப்படியே ஓட்டில் இருப்பவை. 1833-க்கு வெகு முன்பே ஓடுகளைப் பற்றி நேப்பிள்ஸ் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஓட்டில் இருந்த படங்களைச் சித்திரவதைக் கருவிகள் என்று மக்கள் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார்கள். படங்களிலிருந்து கதை வளர்ந்தது என்பதே என் கணிப்பு.

நங்கூரம் சித்திரவதைக் கருவி இல்லையென்றால் பின் ஏன் அதை வரைந்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பிரிஸ்கில்லா சுரங்கக் கல்லறையின் பழைய பகுதிகளில் எத்தனையோ கல்லறைகளில் நங்கூரம் உண்டு. அவர்கள் எல்லோரும் ஆற்றில் தள்ளப்பட்டவர்கள் இல்லை. எபிரேயர் திருமுகம் 6:19-ஐ எடுத்துப் பாருங்கள். நமக்கு இருக்கும் நம்பிக்கை உயிருக்கு உறுதியான நங்கூரம் போன்றது என்று அங்கே வருகிறது. கப்பல் புயலில் ஆடும். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நங்கூரம் பிடித்துக்கொண்டிருக்கும். சிலுவையை வெளிப்படையாக வரையாத அந்தக் காலத்தில், நங்கூரத்தின் குறுக்குக் கட்டையே சிலுவையையும் நினைவூட்டியது. ஆகவே சாவின் முன்னால் நின்ற ஒரு குடும்பம் தங்கள் மகளின் கல்லறையில் நங்கூரம் வரைந்தால், "இவளை இழந்துவிடவில்லை, மறுபடி பார்ப்போம்" என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அம்மாச்சியின் ஜெபப் புத்தகத்தில் ஒரு சின்னப் படம் இருந்தது. புதுநன்மை வாங்கியபோது கொடுத்தது, ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் ஒரு மடிப்பு. ரோஜா நிற உடுப்பில் ஒரு பெண், தலையில் பூமுடி, ஒரு கையில் குருத்தோலை, காலடியில் பெரிய இரும்பு நங்கூரம். சின்ன வயதில் அந்த நங்கூரத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். அதன் பொருளைப் படித்தறிந்த பிறகு அதே படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் நங்கூரத்தின்மேல் கையை வைத்துச் சாய்ந்து, இளைப்பாறுவதைப்போல நிற்கிறாள்.

பிலோமினா என்றால் "ஒளியின் மகள்" என்பது சரியா?

இலத்தீனில் "ஃபிலியா லூமினிஸ்" என்றால் ஒளியின் மகள். மரிய லூயிசாவின் வெளிப்பாட்டில் பெயருக்கு அந்த விளக்கம்தான் வருகிறது. அழகாக இருப்பதால் நம் நவநாள் புத்தகங்களிலும் ஒட்டிக்கொண்டது. மொழிப்படி பார்த்தால் இது கிரேக்கப் பெயர்: "ஃபிலூமெனே", அதாவது "நேசிக்கப்படுபவள்". தமிழில் அன்பரசி என்று பெயர் வைக்கிறோமே, கிட்டத்தட்ட அது.

போலின் ஜாரிக்கோவுக்கு நடந்த புதுமை (அற்புதம்) என்ன?

பிலோமினாவை முஞ்ஞானோவிலிருந்து உலகத்துக்குக் கொண்டுவந்தவர் இந்தப் பிரெஞ்சுப் பெண்தான். லியோன் நகரத்துக்காரர், 1799-ல் பிறந்தவர். தொழிலாளிகளிடம் வாரத்துக்கு ஒரு காசு சேர்த்து மறைபரப்புப் பணிக்கு அனுப்பும் முறையைத் தொடங்கி, 1822-ல் விசுவாசப் பரப்புதல் சபைக்கு வித்திட்டவர். ஆசியாவின் மறைபரப்புத் தளங்களுக்குப் பணம் அனுப்பிய சபை அது. நம் ஊர்க் கோயில்களின் பழைய கணக்கைத் தோண்டினால் அந்த லியோன் காசு எங்கேயாவது தட்டுப்படும்.

போலினுக்குக் கடுமையான இதய நோய். 1835-ல் சாகும் நிலையிலேயே இத்தாலிக்குப் பயணம் வைத்தார். உரோமையில் மேலே நகர முடியாமல் கிடந்தபோது திருத்தந்தை பதினாறாம் கிரகோரி நேரில் வந்து பார்த்தார். "முஞ்ஞானோ போய்விட்டு நான் நடந்தே திரும்பி வந்தால் பிலோமினாவின் வணக்கத்தைப் பற்றி யோசிப்பீர்களா?" என்று போலின் கேட்டார். திருத்தந்தை ஒப்புக்கொண்டார், இவள் பிழைக்க மாட்டாள் என்ற எண்ணத்தோடு. ஆகஸ்ட் 10 அன்று முஞ்ஞானோவில், திருப்பண்டத்தின் முன்னால், போலின் குணமடைந்தார். உரோமைக்குத் திரும்பித் திருத்தந்தையின் முன் நடந்து காட்டினார். அதன்பிறகு 1862 வரை உயிரோடு இருந்தார். 2022 மே 22 அன்று லியோனில் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது.

பிரான்சின் ஆர்ஸ் ஊர்ப் பங்குத்தந்தை ஜான் மரிய வியான்னிக்கும் பிலோமினாவுக்கும் என்ன தொடர்பு?

போலினிடமிருந்து திருப்பண்டத்தின் ஒரு துண்டு வியான்னிக்குக் கிடைத்தது. அதிலிருந்து அவருக்கு எல்லாமே பிலோமினாதான். ஆர்ஸ் கோயிலில் பிலோமினாவுக்கென்று சிறு பீடம் எழுப்பினார். பாவசங்கீர்த்தனத்துக்காக நாள்தோறும் வந்து குவிந்த கூட்டத்தில் நோயாளிகளைப் பார்த்தால், "பிலோமினாவிடம் போய்க் கேளுங்கள்" என்று அனுப்பிவிடுவார். யாராவது குணமடைந்தால் பெயர் தனக்கு வரக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். 1843-ல் அவரே சாகக் கிடந்து பிழைத்தபோதும் பிலோமினாவைத்தான் காரணம் காட்டினார்.

பிலோமினா வணக்கத்தில் எனக்குப் பெரிய சாட்சி இந்த வியான்னிதான். பங்குக் குருக்களின் பாதுகாவலராக இன்றைக்குத் திருச்சபை வைத்திருக்கும் மனிதர், வாழ்நாளில் பல ஆண்டுகளை இந்தச் சிறுமியின் நட்பில் கழித்திருக்கிறார்.

திருத்தந்தை பிலோமினாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தாரா?

இன்றைக்கு நாம் பார்க்கும் முறையான புனிதர் பட்டம் கொடுக்கும் விழா அவருக்கு நடக்கவில்லை. ஆதி மறைசாட்சிகள் யாருக்குமே அப்படி நடந்ததில்லை. பதினாறாம் கிரகோரி 1837 ஜனவரியில் அவருடைய திருநாளைப் பொது வழிபாட்டில் கொண்டாட அனுமதித்தார். முதலில் செப்டம்பர் 9, பிறகு ஆகஸ்ட் 11 என்று நாள் அமைந்தது. அடுத்த திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1849-ல் நேரிலேயே முஞ்ஞானோவுக்குப் போய்ப் பூசை வைத்தார். இவ்வளவு இருந்தும், உரோமை மறைசாட்சியர் பட்டியலில் பிலோமினாவின் பெயர் ஒருபோதும் சேர்க்கப்படவில்லை. பலருக்கு இது தெரியாது.

1961-ல் அவரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்களா?

நீக்கியது திருநாளை. 1961 பிப்ரவரி 14 அன்று, எல்லா மறைமாவட்ட நாள்காட்டிகளிலிருந்தும் ஆகஸ்ட் 11 பிலோமினா திருநாளை எடுத்துவிடும்படி உரோமை ஆணையிட்டது. பழைய புனிதர்களின் வரலாற்றுச் சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்த்த காலம் அது. மறைசாட்சி என்பதற்கே உறுதியான ஆதாரம் இல்லாத ஒருவருக்குப் பொதுத் திருநாள் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். "பிலோமினா என்று ஒருவர் இருந்ததே இல்லை" என்று திருச்சபை சொல்லவில்லை. "அவரிடம் மன்றாடாதீர்கள்" என்றும் சொல்லவில்லை.

ஆனால் ஊருக்கு வந்து சேரும்போது செய்தி வேறாகிவிட்டது. அப்போதைய பங்குத்தந்தை பிரசங்கத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு யாரோ அம்மாச்சியிடம், "இனிமே உன் பேர்ல புனிதர் இல்லியாம்" என்றார்களாம். அன்றைக்கு ராத்திரி அம்மாச்சி சாப்பிடவில்லை என்று என் அம்மா சொல்வார். பக்குவமாக ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் போதும். வரலாற்றைச் சரிசெய்தது நியாயம்தான். சரிசெய்த விதத்தில், அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருந்த எளிய மனிதர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

அப்படியானால் இப்போது அவரிடம் மன்றாடலாமா? அவர் பெயர் கொண்டவர்களின் நாம விழா எந்த நாள்?

தாராளமாக மன்றாடலாம். முஞ்ஞானோ திருத்தலம் இன்றும் திறந்திருக்கிறது. ஆகஸ்ட் மாதம் அங்கே பெருவிழா. நாம விழாவை எப்போதும்போல ஆகஸ்ட் 11 அன்றே வைத்துக்கொள்ளலாம். அன்றைய திருப்பலி அசிசி நகர் புனித கிளாராவின் நினைவாக இருக்கும். அதை நினைவில் வைத்து, உங்கள் மன்றாட்டுக் கருத்தைப் பங்கு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

மைசூர் பேராலயத்தில் இருப்பது இந்தப் பிலோமினாதானா?

இவர்தான். அதன் முழுப் பெயர் புனித யோசேப்பு, புனித பிலோமினா பேராலயம். 1926-ல் மகாராஜாவின் செயலராக இருந்த தம்பு செட்டி, இந்தியாவுக்கான திருத்தந்தையின் பிரதிநிதி பிசானியிடமிருந்து திருப்பண்டத்தைப் பெற்றார். அதை வைக்கவே புதுக் கோயில் எழுந்தது. 1933-ல் அடிக்கல் நாட்டியவர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியது என்பார்கள். இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம்.

உள்ளே போனதும் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். பீடத்துக்குக் கீழே இறங்கும் படிக்கட்டு உண்டு. அந்த நிலவறையில்தான் பிலோமினா சாய்ந்து படுத்திருக்கும் சுரூபமும் திருப்பண்டமும். வெளியே வெயில் கொளுத்தினாலும் கீழே குளிர்ச்சியாக இருக்கும். மதம் பார்க்காமல் எல்லோரும் வந்து கண்மூடி நிற்பார்கள்.

கேரளத்தில் கூனம்மாவு என்ற ஊரிலும் பிலோமினா ஆலயம் இருக்கிறது. புனித சாவரா குரியாக்கோஸ் எலியாஸ் 1871-ல் இறந்தது அந்த ஊரில்தான். அந்தக் கோயிலில் அடக்கம் செய்து, பின்னர் மான்னானத்துக்கு மாற்றினார்கள்.

பிலோமினா கயிறு, பிலோமினா மணிமாலை என்றால் என்ன?

கயிறு என்பது வெள்ளையும் சிவப்பும் சேர்த்துப் பின்னிய நூல். வெள்ளை கன்னிமைக்கு, சிவப்பு மறைசாட்சியத்துக்கு. நோயாளிகள் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். சிறு மணிமாலையில் மூன்று வெள்ளை மணிகள், பதின்மூன்று சிவப்பு மணிகள். மூன்று திரித்துவத்துக்கு, பதின்மூன்று அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுகளுக்கு. பழைய வீடுகளில் தேடினால் கிடைக்கும்.

பிறந்த குழந்தைக்குப் பிலோமினா என்று பெயர் வைக்கலாமா? ஞானஸ்நானத்தில் ஆட்சேபிப்பார்களா?

வைக்கலாம். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 855-ஆம் சட்டம் கேட்பது ஒன்றுதான்: கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது. இருநூறு ஆண்டுகளாகக் கோயில்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் தாங்கிய பெயருக்கு அந்தத் தடை வராது. எங்கள் குடும்பத்தில் என் தம்பி மகளுக்கு அம்மாச்சியின் பெயரையே வைத்தோம். "பிலோமினாள்" என்பதைப் "பிலோமினா" என்று மட்டும் மாற்றிக்கொண்டோம். குருவானவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பழுப்பேறிய அந்தப் படம் இப்போது அவளுடைய ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. போன மாதம் என்னிடம் வந்து, "அத்தே, இந்த அக்கா ஏன் நங்கூரம் வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். தரையில் உட்கார்ந்து, கப்பல் ஒன்று வரைந்து காட்டினேன்.